விசில் வராத பஸ்

பூந்தமல்லியில் பஸ் ஏறி குத்தம்பாக்கம் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். திருமழிசை தாண்டி, பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டிய ஊர். ஒரு காலத்தில் இளங்கோ என்ற பஞ்சாயத்துத் தலைவராலும் சமத்துவபுரத்து இரட்டை வீடுகளாலும் பத்திரிகைகளில் அடிபட்ட பெயர். அப்புறம் புதிய புறநகர் பஸ் நிலையத் திட்டத்தால். கண்டக்டர் வருகிறார். 'எங்கே?' என்கிறார். 'ஒரு குத்தம்பாக்கம்' என்கிறீர்கள். ஒன்றரை விநாடி, முடிந்தது. சில்லறை இல்லையா என்று அவர் முறைப்பதுதான் பாக்கி.

இப்போது அதே பஸ், அதே கண்டக்டர். ஆனால் உங்களுக்குப் பேச்சு திக்கும். 'கு' என்று ஆரம்பிக்கிறீர்கள். நாக்கின் பின்பக்கம் மேலே எழும்பி அண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது. ஒட்டியது ஒட்டியபடி நிற்கிறது. தொண்டையில் காற்று முட்டுகிறது. கழுத்து நரம்பு புடைக்கிறது. பின் சீட்டில் யாரோ 'களுக்' என்கிறார்கள். கண்டக்டர் கருணை மிகுந்தவராகப் பார்த்து, 'குன்றத்தூரா? குமணன்சாவடியா?' என்று உதவி செய்கிறார். அது இன்னும் கொடுமை!

சாதாரண வார்த்தையாக இருந்தால் தப்பிக்கலாம். 'தண்ணீர்' வரவில்லையா, 'குடிக்க ஏதாவது' என்று மாற்றிக்கொள்ளலாம். திக்குபவர்கள் இந்த வித்தையில் எம்.ஏ., பி.எச்.டி. எல்லாம் முடித்தவர்கள். ஆனால் ஊர்ப் பெயருக்கு மாற்றுச்சொல் ஏது? சொந்தப் பெயருக்குத்தான் ஏது? வாய்க்குச் சுலபமாக வரும் ஏதோ ஒரு ஸ்டாப் பெயரைச் சொல்லி டிக்கெட் வாங்கி, அங்கே இறங்கி, மிச்ச தூரம் வெயிலில் நடப்பவர்கள் உண்டு. ஓட்டலில் ஆசைப்பட்டதை விட்டுவிட்டு, சொல்ல முடிந்ததைச் சாப்பிட்டுவிட்டு வருபவர்கள் உண்டு. லண்டனிலும் சரி, லக்னோவிலும் சரி, திக்குபவர்கள் சொல்லும் கதை இதுதான்.

விநோதம் என்னவென்றால், இதே ஆசாமி பஸ்ஸை விட்டு இறங்கி, தனியாக நடக்கும்போது சினிமாப் பாட்டு பாடுவார், ஒரு சொல் திக்காது. துரத்தும் தெரு நாயைத் திட்டுவார், திக்காது. தனக்குத்தானே 'குத்தம்பாக்கம், குத்தம்பாக்கம்' என்று பத்து தடவை சொல்லிப் பார்ப்பார். கல்யாணி ராகம் மாதிரி வரும்! அப்படியானால் கோளாறு எங்கே? நாக்கிலா, தொண்டையிலா, மனசிலா, மூளையிலா? மனித குலம் இரண்டாயிரத்து ஐந்நூறு வருடங்களாக இந்தக் கேள்விக்குத் தப்புத் தப்பாகப் பதில் சொல்லி வந்திருக்கிறது. ஒவ்வொரு தப்பான பதிலுக்கும் யாராவது ஒரு குழந்தை விலை கொடுத்திருக்கிறது.

பேசுவது எவ்வளவு பெரிய சர்க்கஸ் என்பதை முதலில் பார்த்துவிடுவோம். வயிறு, மார்பு, குரல்வளை, தாடை, நாக்கு, உதடு எல்லாவற்றிலும் சேர்த்து சுமார் 100 தசைகள். விநாடிக்குப் பத்துப் பதினைந்து ஒலிகள். ஒவ்வொரு தசையும் மிகச் சரியான கணத்தில் இறுகி, மிகச் சரியான கணத்தில் தளர வேண்டும். ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கும் ஜிம்னாஸ்டிக் பெண் செய்வதைவிட நுணுக்கமான வேலை. அதைத்தான் நீங்கள் டீக்கடையில் பஜ்ஜியை மென்றுகொண்டே செய்கிறீர்கள்.

இதை முதலில் கவனித்து எழுதிவைத்தவர்களில் நம் ஆளும் ஒருவர். தொல்காப்பியர். எழுத்ததிகாரத்தில் 'பிறப்பியல்' என்றே ஒரு இயல். வயிற்றுப் பக்கத்திலிருந்து கிளம்பும் காற்று நெஞ்சு, மிடறு, தலை ஆகிய இடங்களில் நின்று, பல், இதழ், நாக்கு, மூக்கு, அண்ணம் ஆகியவற்றோடு சேர்ந்து எழுத்தாகிறது என்று எட்டு இடங்களைக் கணக்குப் போட்டிருக்கிறார். ககரம் பிறக்க அடிநாக்கு அடி அண்ணத்தில் பொருந்த வேண்டும் என்கிறார். நம் குத்தம்பாக்கத்துப் பயணிக்கு மாட்டிக்கொள்ளும் அதே இடம்! இன்றைய ஒலியியல் பேராசிரியர் எக்ஸ்ரே படம் எடுத்துச் சொல்வதும் ஏறக்குறைய இதுதான். ஆனால் எந்த உறுப்பு எப்போது கிளம்ப வேண்டும் என்று யார் உத்தரவு போடுகிறார்கள்? அதைக் கண்டுபிடிக்க நவீன விஞ்ஞானமே 20-ம் நூற்றாண்டின் கடைசிவரை காத்திருக்க வேண்டியிருந்தது.

மற்றவர்கள் எல்லோரும் கண்ணுக்குத் தெரிந்த நாக்கைப் பிடித்துக்கொண்டார்கள். அரிஸ்டாட்டில் பெயரில் வழங்கும் நூல்கள், எண்ணத்தின் வேகத்துக்கு நாக்கு ஈடு கொடுக்கவில்லை என்றன. 17-ம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் பிரான்சிஸ் பேக்கன், நாக்கு குளிர்ந்துபோவதுதான் காரணம், அளவாக ஒயின் குடித்துச் சூடேற்றினால் சரியாகிவிடும் என்றார். (இந்த வைத்தியத்தை நம் டாஸ்மாக் வாசலில் பலர் தினமும் பரிசோதிக்கிறார்கள். அங்கே எதிர்ப்பலன்தான் தெரிகிறது!) நம் பாட்டிமார்கள் வசம்பைச் சுட்டு, தேனில் குழைத்து நாக்கில் தடவினார்கள். வசம்புக்கு ராத்திரியில் பெயர் சொல்லக் கூடாதாம்; அதனால் அதற்கே 'பேர் சொல்லாதது' என்று பெயர். பேர் சொல்ல முடியாதவனுக்கு மருந்து, பேர் சொல்லக் கூடாத வேர்!

கூழாங்கல் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். கிரேக்கத்தில் டெமாஸ்தனிஸ், கி.மு. 4-ம் நூற்றாண்டு. வாயில் கூழாங்கல்லை அடக்கிக்கொண்டு பேசிப் பேசிப் பழகி, மகா பேச்சாளரானான் என்று ஸ்கூலில் சொல்லிக்கொடுப்பார்கள். இதை நம்பி நம்மூரில் எத்தனை பிள்ளைகள் வாயில் கல் போட்டுக்கொண்டார்களோ! கல்லால் ஒரு பிரயோஜனமும் இல்லை. ஆனால் அந்தக் கதையில் இன்னொரு விஷயமும் வருகிறது. அவன் கடற்கரையில் அலை இரைச்சலுக்கு எதிரே நின்று பேசிப் பழகினானாம். திக்குபவர்களின் காதில் 'உஸ்ஸ்' என்று பலத்த இரைச்சலைக் கேட்கவிட்டால், பலருக்குத் திக்கல் குறைகிறது. இது 20-ம் நூற்றாண்டில் பரிசோதனைக் கூடங்களில் பார்த்த உண்மை. டெமாஸ்தனிஸுக்கு உதவியிருந்தால் கடல்தான் உதவியிருக்க வேண்டும். புகழ் கல்லுக்குப் போய்விட்டது.

இதுவரை வந்தவை எல்லாம் சாது வைத்தியங்கள். 1841-ல்தான் கத்தி வந்தது.

பெர்லினில் டீஃபன்பாக் என்று ஒரு டாக்டர். சாமானியர் அல்ல; ஐரோப்பாவின் முதல் வரிசை சர்ஜன். மூக்கு இழந்தவர்களுக்கு மூக்கு வைத்தவர். மாறுகண்ணுக்குக் கண் தசையை வெட்டிச் சரிசெய்யும் ஆபரேஷனை 1839-ல் செய்து பெரும் பெயர் வாங்கியிருந்தார். தசை இழுத்துப் பிடிப்பதால் மாறுகண் என்றால், தொண்டையும் நாக்கும் இழுத்துப் பிடிப்பதால்தானே திக்கல்? அதையும் வெட்டிப் பார்த்தால் என்ன? தர்க்கம் பழுதில்லாமல் இருந்தது. அந்த வருடம் ஜனவரியில் 13 வயதுப் பையன் ஒருவனை உட்கார வைத்து, நாக்கை இடுக்கியால் வெளியே இழுத்து, அதன் அடிப்பாகத்தில் குறுக்காக ஒரு ஆப்பு வடிவத் துண்டை வெட்டி எடுத்துத் தைத்தார். ஈதர் மயக்க மருந்து 1846-ல்தான் வந்தது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு இந்த வாக்கியத்தை இன்னொரு தடவை படியுங்கள்.

பையன் பேசினான். திக்காமல்! செய்தி தீ மாதிரி பரவி, அந்த ஒரே வருடத்தில் பிரான்ஸ், இங்கிலாந்து என்று எல்லா இடத்திலும் சர்ஜன்கள் திக்குபவர்களின் நாக்கை வெட்ட ஆரம்பித்தார்கள். சிலர் ரத்தப்போக்கில் செத்துப்போனார்கள். பிழைத்தவர்களுக்குக் காயம் ஆறியதும் திக்கல் பழையபடி திரும்பி வந்தது. வருடம் முடிவதற்குள் ஆபரேஷன் மோகமும் அடங்கிவிட்டது.

ஆனால் பையன் முதலில் எப்படித் திக்காமல் பேசினான்? திக்கலில் இது ஒரு பொல்லாத குணம். பேசும் விதத்தில் எந்தப் புதுமையைப் புகுத்தினாலும் கொஞ்ச நாளைக்கு நின்றுவிடும். வெட்டுப்பட்ட நாக்கோடு பேசுவது பெரிய புதுமை. குரலை மாற்றிப் பேசினாலும், கையைச் சொடுக்கிக்கொண்டே பேசினாலும், சாமியார் கொடுத்த தாயத்தைப் பிடித்துக்கொண்டு பேசினாலும் நிற்கும். பழகிப்போனதும் திரும்பிவிடும். 'பத்தே நாளில் திக்குவாய் குணம்' என்று சுவரெழுத்து விளம்பரம் செய்பவர்களின் பிழைப்பு இந்த இடைவெளியில்தான் ஓடுகிறது. பத்து நாளுக்குள் காசை வாங்கிவிடுவார்கள்.

டீஃபன்பாக்குக்குச் சில வருடம் முன்னால், 1830-களில், பாரிஸில் கொலொம்பா என்ற டாக்டர் கத்தி இல்லாமல் ஒரு காரியம் செய்தார். 'டிக் டிக்' என்று தாளம் போடும் மெட்ரோனோம் மாதிரி ஒரு கருவி வைத்து, ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு அசை என்று பேசப் பழக்கினார். உடனே பலன் தெரிந்தது. கருவியை நிறுத்தியதும் பலனும் நின்றது. சரி, இன்னொரு தற்காலிக வித்தை என்று உலகம் ஒதுக்கிவிட்டது. என்னைக் கேட்டால், இந்தச் சரித்திரம் முழுவதிலும் உண்மைக்கு மிகப் பக்கத்தில் போய்க் கதவைத் தட்டியவர் கொலொம்பாதான். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

நாக்கை விட்டார்கள். அடுத்துக் கையைப் பிடித்தார்கள்.

பழைய ஓரணா, காலணா நாணயங்களில் கிரீடத்தோடு ஒரு தலை இருக்குமே... ஆறாம் ஜார்ஜ். 1950 ஜனவரி 26 வரை நமக்கும் ராஜா. அவர் இயல்பிலேயே இடது கைக்காரர். சின்ன வயதில் கட்டாயப்படுத்தி வலது கையால் எழுத வைத்தார்கள். அப்பா ஐந்தாம் ஜார்ஜ் பொறுமைக்குப் பெயர் போனவர் அல்ல. பையன் திக்கும்போது 'சொல்லித் தொலை!' என்கிற பாணி. 1925 அக்டோபரில் வெம்பிளி கண்காட்சியின் நிறைவு விழாவில், மைக் முன்னால் அவர் பட்ட அவஸ்தையை ஊரே கேட்டது. அடுத்த வருடம் லயோனல் லோக் என்ற ஆஸ்திரேலியரிடம் போனார். லோக் டாக்டர் இல்லை, பேச்சுக்கலை வாத்தியார். முதல் உலகப் போரில் அடிபட்டுப் பேச்சு போன சிப்பாய்களோடு பழகியவர். மூச்சுப் பயிற்சி, தசைகளைத் தளர்த்தும் பயிற்சி, எல்லாவற்றுக்கும் மேலாக ராஜகுமாரனைச் சக மனிதனாக நடத்தும் துணிச்சல். 1939 செப்டம்பர் 3 அன்று போர் அறிவிப்பை ரேடியோவில் ராஜா வாசித்தபோது, லோக் எதிரே நின்றிருந்தார். குணமாகிவிட்டதா என்றால், இல்லை. திக்கலோடு பேசக் கற்றுக்கொண்டார், அவ்வளவுதான். (2010-ல் 'தி கிங்ஸ் ஸ்பீச்' படமாக வந்து நான்கு ஆஸ்கர் வாங்கிய கதை. எழுதிய டேவிட் சைட்லரும் சிறு வயதில் திக்கியவர். ராஜாவின் மனைவி, 'நான் உயிரோடிருக்கும்வரை வேண்டாமே' என்று கேட்டுக்கொண்டதால் பல வருடம் காத்திருந்தார். அந்தம்மா 101 வயது வரை இருந்தார்!)

ராஜாவின் கையை மாற்றியதால்தான் நாக்கு கட்டிக்கொண்டதோ? இந்த சந்தேகத்துக்கு அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் ஒரு தியரியே இருந்தது. 1920-களில் ஆர்ட்டன் என்ற மனநல டாக்டரும் அவரோடு சேர்ந்த டிராவிஸும் சொன்னது இது: நாக்கும் தாடையும் உடம்பின் நடுக்கோட்டில் இருப்பவை. மூளையின் இடது, வலது இரண்டு பாதிகளிலிருந்தும் அவற்றுக்கு உத்தரவு வருகிறது. யாராவது ஒருவர்தான் எஜமானராக இருக்க வேண்டும். இடது கைப் பிள்ளையை வலது கைக்கு மாற்றினால் எஜமானர் யார் என்ற குழப்பம் வந்து, நாக்கு இரண்டு பெண்டாட்டிக்காரன் மாதிரி முழிக்கிறது!

உடனே சிகிச்சையும் தயார். திக்கும் மாணவர்களின் வலது கையை மாவுக்கட்டுப் போட்டு முடக்கி, இடது கையால் எல்லாம் செய்யச் சொன்னார்கள். வெண்டல் ஜான்சன் என்ற திக்கும் மாணவர் இதற்காக வருடக்கணக்கில் இடது கைக்காரராக முயன்றார். கைதான் வலித்தது. திக்கல் அசையவில்லை.

நம் வீடுகளில் இதற்கு நேர்மாறான வைத்தியம் நடந்துகொண்டிருந்தது. 'பீச்சாங்கையால சாப்பிடாதே' என்று கையில் அடி. ஸ்லேட்டில் இடது கையால் எழுதினால் முட்டியில் ஸ்கேல். அந்தப் பழைய தியரி நிஜமாக இருந்திருந்தால் தமிழ்நாட்டில் பாதிப் பேர் திக்க வேண்டும். திக்கவில்லை. கை மாற்றுவதால் திக்கல் வராது என்பதுதான் இன்றைய முடிவு. அதற்காக அடியை நியாயப்படுத்திவிடாதீர்கள்.

மாவுக்கட்டை அவிழ்த்த ஜான்சன், கையை விட்டுவிட்டு அம்மாவைப் பிடித்தார். எல்லாக் குழந்தையும் பேசப் பழகும்போது தடுமாறும். 'ஐயோ, என் பிள்ளை திக்குகிறானே' என்று பெற்றவள் பதறுவதால்தான் அது நிஜத் திக்கலாகிறது என்பது அவர் கட்சி. திக்கல் குழந்தையின் வாயில் ஆரம்பிப்பதில்லை, பெற்றோரின் காதில் ஆரம்பிக்கிறது! கேட்க அழகாக இருக்கிறது. இதைச் சோதிக்க 1939-ல் அவருடைய மாணவி மேரி டியூடர், அயோவாவின் டாவன்போர்ட் நகர அநாதை இல்லத்துக்குப் போனார். 22 குழந்தைகள். அதில் ஒழுங்காகப் பேசிக்கொண்டிருந்த ஆறு பேரிடம், 'உனக்குத் திக்குகிறது, ஜாக்கிரதை, சரியாக வராவிட்டால் பேசாதே' என்று மாதக்கணக்கில் சொல்லி வந்தார். அநாதைகள், போய்ப் புகார் சொல்ல வீடு கிடையாது. அவர்களில் யாரும் அசல் திக்கலுக்கு ஆளாகவில்லை. ஆனால் பேச்சு குறைந்தது, கூச்சம் வந்தது, கேள்வி கேட்டால் கையால் வாயை மூடிக்கொண்டார்கள். ஆராய்ச்சிக் கட்டுரை லைப்ரரி அலமாரியில் தூங்கியது. 2001-ல் ஒரு அமெரிக்க தினசரி அதைத் தூசி தட்டி எடுத்து எழுதியதும் பல்கலைக்கழகம் மன்னிப்புக் கேட்டது. 2007-ல் அயோவா மாநிலம் பாதிக்கப்பட்டவர்களுக்கும் அவர்கள் குடும்பங்களுக்கும் 9,25,000 டாலர் கொடுத்தது. இதில் நம்ப முடியாத பகுதி எது தெரியுமா? ஜான்சனின் சொந்தப் பரிசோதனையே அவர் தியரியை ஆதரிக்கவில்லை. இருந்தும் அந்தத் தியரி பல பத்தாண்டுகள் பாடப்புத்தகங்களில் உட்கார்ந்திருந்தது. உலகம் முழுவதும் அம்மாக்கள், 'நான்தான் கெடுத்தேனோ' என்று அழுதுகொண்டிருந்தார்கள்.

கேரளத்தின் முதல் முதலமைச்சர் ஈ.எம்.எஸ். நம்பூதிரிபாட் பற்றி ஒரு கதை சொல்வார்கள். அவருக்கு நன்றாகத் திக்கும். 1957-ல் ஆட்சிக்கு வந்ததும், அதற்கு முன்னும் பின்னும் ஆயிரக்கணக்கான மேடைகளில் பேசியதும் அந்தத் திக்கலோடுதான். ஒருவர், 'உங்களுக்கு எப்போதும் திக்குமா?' என்று கேட்டாராம். 'இல்லை, பேசும்போது மட்டும்!' என்றாராம்.

சிரித்துவிட்டு ஒரு நிமிடம் யோசியுங்கள். இது வெறும் ஜோக் அல்ல. அதே நாக்கு சாப்பிடும்போது தடுமாறுவதில்லை, பாடும்போது இல்லை, கூட்டத்தோடு சேர்ந்து சொல்லும்போது இல்லை. தானாகச் சொற்களைக் கோத்துப் பேசும்போது மட்டும். நாக்குத் தசையில் கோளாறு என்றால் முறுக்கு தின்னும்போதும் தெரிய வேண்டுமே? ஆக, கோளாறு தசையில் இல்லை. தசைக்கு உத்தரவு போகும் நேரத்தில் இருக்கிறது.

இதற்கு முதல் துப்பு 1950-ல் வந்தது. அமெரிக்காவில் பெர்னார்ட் லீ என்ற என்ஜினீயர் டேப் ரிக்கார்டரோடு விளையாடிக்கொண்டிருந்தார். ஒருவர் பேசுவதைப் பதிவு செய்து, விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு தாமதமாக அவர் காதிலேயே ஹெட்போனில் கேட்கவிட்டார். ஜம்மென்று பேசிக்கொண்டிருந்த ஆள் தடுமாறினார், இழுத்தார், ஒரே அசையைத் திரும்பத் திரும்பச் சொன்னார். (செல்போனில் உங்கள் குரலே எதிரொலித்துத் திரும்பி வரும்போது 'ஹலோ... ஹலோ...' என்று நீங்கள் குழறுவீர்களே, அதேதான்.) அதைவிட ஆச்சரியம் பின்னால் வந்தது. இதே தாமதக் குரலைத் திக்குபவர்களுக்குக் கேட்கவிட்டபோது, அவர்களில் பலர் சரளமாகப் பேசினார்கள்! பேச்சு என்பது வாய் மட்டும் செய்யும் வேலை அல்ல. வாயும் காதும் மூளையும் ஒரே கடிகாரத்தைப் பார்த்துச் செய்யும் வேலை என்று அப்போதுதான் உறைத்தது.

அப்புறம் மூளையைப் படம் பிடிக்கும் மெஷின்கள் வந்தன. 1996-ல் டெக்சாஸில் பீட்டர் ஃபாக்ஸ் குழு, திக்குபவர்களைப் படிக்கச் சொல்லிப் படம் எடுத்தது. பேச்சுக்கு வழக்கமாக இடது பாதி மூளைதான் உழைக்கும். இவர்களுக்கு அசைவுகளை ஆளும் பகுதிகள், அதுவும் வலது பக்கத்தில், தாறுமாறாகப் பிரகாசித்தன. கூடவே இன்னொருவர் சேர்ந்து வாசித்ததும் அந்தக் கொந்தளிப்பு பெரும்பாலும் அடங்கியது. 2002-ல் ஜெர்மனியில் மார்ட்டின் சோமர் (இவரும் திக்குபவர்தான்) குழு, நாக்கையும் தொண்டையையும் இயக்கும் இடது மூளைப் பகுதிக்கு அடியில் செல்லும் நரம்பு வயரிங் இவர்களுக்குச் சற்று பலவீனமாக இருப்பதைக் காட்டியது. அயோவாவின் இடது-வலது தியரி முழுத் தப்பும் அல்ல என்று தெரிகிறதா? பாவம், அவர்கள் மூளையை விட்டுவிட்டுக் கையில் போய் மாவுக்கட்டுப் போட்டார்கள்.

சரி, உத்தரவு எங்கே தடைப்படுகிறது? நம் பஸ்ஸுக்கே திரும்பப் போவோம். டிரைவர் தயார். என்ஜின் ஓடுகிறது. கியர் போட்டாயிற்று. ஆனால் கண்டக்டர் இரண்டு விசில் கொடுக்காமல் டிரைவர் நகர மாட்டார். மூளையின் அடிவாரத்தில் பேசல் கேங்லியா என்று சில நரம்புத் திரள்கள் இருக்கின்றன. பழகிப்போன அசைவுகளுக்கு, 'ம், இப்போ... அடுத்தது... இப்போ' என்று விசில் கொடுக்கும் கண்டக்டர் அவைதான். திக்கலில் நாக்கு என்ற பஸ்ஸும் பழுதில்லை; டிரைவருக்கும் வழி தெரியும். 'கு'வுக்கு விசில் வந்துவிட்டது, 'த்'துக்கு வரவில்லை. டிரைவர் அதே இடத்தில் உறுமிக்கொண்டு நிற்கிறார். ஸ்வீடனைச் சேர்ந்த பெர் ஆல்ம் 2004-ல் இந்த வாதத்தை விரிவாக எழுதினார்.

இதற்கு ஒரு பங்காளி வியாதி உண்டு. பார்க்கின்சன். அதிலும் அதே பேசல் கேங்லியாதான் சிக்கல். நடக்க நினைப்பார்கள், கால் தரையில் ஒட்டிக்கொள்ளும். தரையில் குறுக்கே நாலு கோடு போட்டுக் காட்டுங்கள், கோட்டைத் தாண்டித் தாண்டி நடந்துவிடுவார்கள்! உள்ளே விசில் வராதபோது வெளியிலிருந்து யாராவது பஸ்ஸின் பக்கவாட்டில் தட்டி 'ரைட், ரைட்!' என்கிற மாதிரி. பாட்டின் தாளம் ஒரு தட்டு. கூட்டத்தோடு கோஷம் போடும்போது பக்கத்து ஆளின் குரல் ஒரு தட்டு. கொலொம்பாவின் 'டிக் டிக்' கருவியும் அதேதான். அவர் கதவைத் தட்டினார் என்று சொன்னேனே, இந்தக் கதவைத்தான். பக்கவாதம் வந்து திடீரென்று திக்க ஆரம்பித்தவர்களின் மூளைப் படங்களை ஒப்பிட்டு, 2024-ல் நியூசிலாந்தின் கேத்தரின் தெய்ஸ் குழு தேடியபோது, அடிபட்ட இடங்கள் எங்கெங்கோ இருந்தாலும் எல்லாம் ஒரே வலைப்பின்னலில் வந்து சேர்ந்தன. அதன் மையத்தில் இருந்தது இடது புட்டாமென். அது பேசல் கேங்லியாவின் ஒரு பகுதி.

பயம் ஒன்றும் செய்யாதா? செய்யும். இன்டர்வியூவில் அதிகமாகத் திக்கும். ஆனால் பயம் திக்கலைப் பெருக்குகிறது, உண்டாக்குவதில்லை. ரோடு குண்டும் குழியுமாக இருந்தால் பழைய பஸ் அதிகம் குலுங்கும். அதற்காக ரோடுதான் பஸ்ஸைப் பழசாக்கியது என்று சொல்வீர்களா?

இன்னும் உள்ளே போனால் ஜீன். அமெரிக்காவில் டென்னிஸ் டிரேனா குழு, சொந்தத்தில் கல்யாணம் செய்யும் வழக்கமுள்ள ஒரு பெரிய பாகிஸ்தானியக் குடும்பத்தை ஆராய்ந்து 2010-ல் முதல் ஜீனைப் பிடித்தது. செல்லுக்குள் குப்பை அள்ளும் துறை ஒன்று இருக்கிறது. அதற்கு விலாசம் ஒட்டும் ஜீன் அது. குப்பைக்கும் பேச்சுக்கும் என்ன சம்பந்தம் என்று எல்லோரும் தலையைச் சொறிந்தார்கள். அந்த மாற்றம் சுமார் 14,000 வருடங்களுக்கு முன் யாரோ ஒருவரிடம் தோன்றி, இந்தியா, பாகிஸ்தான் பக்கம் பரம்பரையாக வந்திருக்கிறது என்று அடுத்த வருடமே கணக்கிட்டார்கள். சிந்துவெளிக்கும் முந்திய ஒரு தாத்தா! அதே மாற்றத்தை எலிக்குட்டிகளில் புகுத்திப் பார்த்தபோது, அவை அம்மாவைக் கூப்பிடும் கீச்சொலிகளுக்கு இடையே நீண்ட நீண்ட தயக்கங்கள் வந்தன. எலிக்குட்டியை யாரும் அதட்டவில்லை. இடது கையில் சாப்பிடாதே என்றும் சொல்லவில்லை.

2025-ல் வந்த ஆராய்ச்சி இதைவிடப் பெரியது. திக்குபவர்கள் ஒரு லட்சம் பேரளவும், திக்காதவர்கள் பத்து லட்சத்துக்கு மேலும். மரபணுத் தொகுதியில் 57 இடங்கள் திக்கலோடு சம்பந்தப்பட்டவையாகக் கிடைத்தன. ஆண்களில் முதலிடம் பிடித்த ஜீன், பாட்டின் தாளத்துக்குச் சரியாகக் கைதட்டும் திறனோடு ஏற்கெனவே சம்பந்தப்படுத்தப்பட்ட ஜீன்! நம் சங்கீத வாத்தியார்கள் தொடையில் தட்டித் தட்டிச் சொல்லிக்கொடுத்ததும், கொலொம்பா கருவி வைத்துத் தட்டியதும், புட்டாமென் தட்ட மறப்பதும் ஒரே தாளம்தான் போலிருக்கிறது.

நடைமுறைக்கு வருவோம். இரண்டு முதல் ஐந்து வயதுக்குள் நூற்றில் ஐந்து குழந்தைகளுக்காவது திக்கல் தலைகாட்டும். நாலில் மூன்று பேருக்குத் தானாகவே போய்விடும். பெரியவர்களில் நூற்றுக்கு ஒருவர் மிஞ்சுகிறார். ஆண்கள் நாலு பேர் என்றால் பெண் ஒருவர். ஐயாயிரம் பேர் வாழும் ஊரில் ஐம்பது பேர் என்று கணக்கு. குழந்தைக்கு ஆறு மாதத்துக்கு மேல் நீடித்தாலோ, குடும்பத்தில் வேறு யாருக்காவது இருந்தாலோ, வசம்பைத் தேடாமல் பேச்சுப் பயிற்சியாளரைத் தேடுங்கள். பூந்தமல்லி பக்கத்துக்காரர்களுக்கு போரூர் ராமச்சந்திராவிலேயே இதற்கென்று துறை இருக்கிறது. மைசூரில் மத்திய அரசின் பேச்சு-கேட்டல் நிறுவனம் 1965 முதல் இயங்குகிறது. பெரியவர்களுக்கு, 2008-ல் தொடங்கிய இந்தியத் திக்குவாய் சங்கத்தின் சுயஉதவிக் குழுக்கள் பல நகரங்களில் கூடுகின்றன. அங்கே எல்லோரும் திக்குவார்கள், யாரும் சிரிப்பதில்லை.

சின்னக் குழந்தைகளுக்கு சிட்னியில் உருவான லிட்கோம் என்ற முறை இன்று உலகின் பல நாடுகளில் புழக்கத்தில் இருக்கிறது. அதில் சிகிச்சை தருபவர் யார் தெரியுமா? அப்பா, அம்மா! தினமும் கொஞ்ச நேரம் குழந்தையோடு பேசி, திக்காமல் வந்த சொல்லை மெல்லப் பாராட்ட வேண்டும். பயிற்சியாளர் சொல்லிக்கொடுப்பார், செய்வது வீட்டில். ஜான்சன் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிய அதே அம்மாதான்.

ஸ்கூலில் ஒரு விஷயம். வகுப்பே சேர்ந்து, 'ஈரெண்டு நாலு, மூவிரண்டு ஆறு' என்று ராகம் போட்டுச் சொல்லும்போது திக்கும் பையன் கணீரென்று சொல்வான். அடுத்த நிமிடம், 'நீ எழுந்து தனியாச் சொல்லு' என்றால் நின்றுவிடுவான். வாத்தியார் இதைப் பார்த்து, 'இவ்வளவு நேரம் நல்லாத்தானே சொன்னே? படிக்காம நடிக்கிறியா?' என்பார். அவன் நடிக்கவில்லை சார். பக்கத்து பெஞ்சுப் பையனையும் எழுந்திருக்கச் சொல்லி, இரண்டு பேரையும் சேர்ந்து வாசிக்கச் சொல்லிப் பாருங்கள்.